ஸ்பீக்கர் பி குறுக்கிடுகிறார்

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

முழங்கால் வலி. வாக்கிங் இல்லை. இரண்டாம் டோஸ் காப்பி கழுநீர் மாதிரி இருந்தது. சொன்னேன். விசாலம் "ம்" என்றாள்.

சாயங்காலம் மூன்றாம் மாடி சுஷ்மா வந்தாள். இந்த பில்டிங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஆனால் தமிழ் எழுத்தைக் காட்டினால் டாக்டர் சீட்டைப் பார்க்கிற மாதிரி முழிப்பாள். இப்போது ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாளாம். இரண்டு பேர் போனில் அரை மணி நேரம் தமிழில் பேச வேண்டும். அதைப் பதிவு செய்து கம்ப்யூட்டருக்குப் பேச்சு பழக்குவார்களாம்.

"என்ன பேசணும்?" என்றேன்.

"குச் பி, எது வேணாலும், அங்கிள். வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படி. நேச்சுரலா."

வீட்டில் பேசுகிற பேச்சைக் கேட்க ஒருத்தன் காசு கொடுப்பானா? முப்பத்தாறு வருஷம் ஆடிட் ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? சம்மதப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். எட்டுப் பக்கம். சிவப்புப் பென்சிலால் பதினாலு கேள்வி குறித்தேன். ஆறாவது கேள்வி: என் குரலைத் திருடி, என்னை மாதிரியே பேசி, புனேயில் இருக்கிற என் பிள்ளை நகுலை ஏமாற்ற மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்?

"அங்கிள், உங்களை மாதிரிப் பேச எந்த மிஷினாலயும் ஆகாது" என்றாள். புகழ்ச்சியா, வேறு எதாவதா, புரியவில்லை.

பத்தாவது கேள்வியில் இருந்தேன். விசாலம் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேனாவை எடுத்தாள், கையெழுத்துப் போட்டாள், உள்ளே போய்விட்டாள். ஒரு வரி படிக்கவில்லை! ஒரு ஆடிட்டரோடு நாற்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணினவள்!

ஒரே ஆறுதல், 28-ம் தேதியும் இப்படியே போட்டுவிடுவாள். அன்றைக்குத்தான் இந்த மும்பை மாட்டுங்கா பிளாட்டை விற்கிற பத்திரத்தில் கையெழுத்து. இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. கோயமுத்தூரில், வயசானவர்களுக்கென்றே கட்டின குடியிருப்பில் இடம் புக் பண்ணியாச்சு. இருபத்து நாலு நாளில் மூட்டை கட்ட வேண்டிய நேரத்தில் இவளுக்கு எதற்கு இந்த வம்பு?

6 பிப்ரவரி, வியாழன்

விசாலத்துக்கு ஜோடி அக்தர் பானு. மாஹிமில் தையல் கடை வைத்திருக்கிறவள், தென்காசிப் பக்கம். இருபது வருஷமாக இவளுக்கு பிளவுஸ் தைக்கிறாள். பானு அங்கே துணிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வாளாம், எதிரொலி வராதாம். இவள் இங்கே படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு.

சட்டங்கள்: ஃபேன் போடக் கூடாது. குக்கர் கூடாது. கடிகாரத்தைக் கழற்றி சோபாவில் தலையணைக்கு அடியில் வைத்தாயிற்று. மூன்றாவது குரல் கேட்கவே கூடாது.

மூன்றாவது குரல் யார்? நான். பத்திரத்தில் முதல் பேர் வேங்கடசுப்ரமணியன். என் வீட்டில் நான் தும்மக்கூட முடியாமல் ஹாலில் வியர்த்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே சிரிக்கிறாள். ஒரு தடவை இல்லை, எட்டுத் தடவை. பிளவுஸ் தைக்கிறவளோடு அப்படி என்ன சிரிப்பு? வெளியே வந்ததும் கேட்டேன். "சும்மாதான்" என்றாள். முகம் பழையபடி ஆகிவிட்டது.

7 பிப்ரவரி, வெள்ளி

பதினொரு மணிக்குக் கோயிலுக்குப் போனவள் மூன்றேகாலுக்கு வந்தாள். நெற்றியில் புதுக் குங்குமம் இல்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

இன்றும் இல்லை. பூ இல்லை, விபூதி இல்லை, ஒரு துண்டு வாழைப்பழம் இல்லை. பிரசாதமே கொடுக்காத கோயில் மாட்டுங்காவில் எங்கே இருக்கிறது? மத்தியானம் பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள். மூன்று மணி வரை யாரைச் சேவிக்கிறாள்?

இரண்டு வருஷமாகச் செவ்வாய், வெள்ளி இப்படித்தான் போய் வருகிறாள். நான் கவனிக்கவில்லை. ஆடிட்டில் இப்படித்தான் ஆகும். ஒரு வவுச்சரைச் சந்தேகப்பட்டால் கூடவே பத்து அகப்படும்.

புடவைத் தலைப்பில் ஒரு சிவப்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து இந்த நோட்டில் வைத்திருக்கிறேன்.

13 பிப்ரவரி, வியாழன்

மறுபடி ரெக்கார்டிங். ஒட்டுக்கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தேன், கதவு வழியில் இருந்தது, அவ்வளவுதான்.

காதில் விழுந்தது இது: "கையெழுத்துப் போடற அன்னிக்கு எனக்கு நூத்திரண்டு ஜுரம் வந்துடணும். நீ துவா பண்ணிக்கோ." அப்புறம் சிரிப்பு. அந்தப் பக்கம் பானு என்ன சொன்னாளோ, கேட்க வழியில்லை. பாதிப் பேச்சுதான் இந்த வீட்டில் கேட்கிறது.

ஆக, சதி. யார் பின்னால் இருக்கிறது? பிளாட்டை யாருக்காவது எழுதி வைக்கப் பார்க்கிறார்களா? நகுல் அம்மாவைத் தூண்டிவிடுகிறானா? பானுவுக்கு இதில் என்ன?

சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். "ஏன்னா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். எப்படிக் கேட்கிறாள் பார்!

16 பிப்ரவரி, ஞாயிறு

நகுலுக்குப் போன் போட்டேன். நான் ஒன்றுமே கேட்காதபோதே, "வீட்டு விஷயத்துல நான் எதுவும் சொல்லலைப்பா" என்றான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை!

"அம்மாவுக்கு இஷ்டமான்னு கேட்டியா?" என்றான்.

"ஆறு மாசமா சொல்லிண்டிருக்கேனே, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே."

"அம்மாவையே கேளேன்பா" என்று வைத்துவிட்டான். கேட்க என்ன இருக்கிறது? சொன்னேன், "ம்" என்றாள். மௌனம் சம்மதம்.

18 பிப்ரவரி, செவ்வாய்

இன்று பச்சை நூல்.

லிப்டில் சுஷ்மாவைப் பார்த்தேன். கணவன்-மனைவி ஜோடி கிடைக்காமல் அலைகிறாளாம். "ஹஸ்பண்ட் லோக் யாரும் பேசவே வர்றதில்லை, அங்கிள்." டக்கென்று ஒரு யோசனை. சர்ப்ரைஸ் இன்ஸ்பெக்‌ஷன்! உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள உள்ளேயே போய்விடுவது. சரி என்றேன். சுஷ்மா வாயைப் பிளந்தாள்.

விசாலத்திடம் சொன்னேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "நீங்களா?" என்றாள்.

"ஏன், எனக்குப் பேசத் தெரியாதா?"

"அதுக்கில்லே" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை.

19 பிப்ரவரி, புதன்

பிரமாதம்.

அவள் படுக்கையறையில் ஸ்பீக்கர் ஏ. நான் சமையலறையில் முக்காலி மேல் ஸ்பீக்கர் பி, கம்பெனி எங்களுக்கு வைத்த பேர். காதில் ஹெட்போன். பன்னிரண்டு அடி தூரத்தில் இருக்கிற பெண்டாட்டியோடு போனில் பேசுவது முதலில் கூச்சமாக இருந்தது. தலைப்பு சுஷ்மா கொடுத்த அட்டையில் இருந்தது: "பயணம் அல்லது வீடு மாறுதல்." தெய்வ சங்கல்பம்! கோயமுத்தூரைப் பற்றி முழுசாக எடுத்துச் சொன்னேன். சிறுவாணித் தண்ணீர், வாசலிலேயே டாக்டர், படி ஏற வேண்டாம், மழைக்காலத்தில் டிரெயின் நிற்காது. அரை மணி போனதே தெரியவில்லை.

அவளும் நன்றாகப் பேசினாள். சதி எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டாள். நான்தான் அனாவசியமாகச் சந்தேகப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஆனால் நூல்?

21 பிப்ரவரி, வெள்ளி

ரிஜெக்ட்!

கம்பெனியிலிருந்து சுஷ்மாவுக்குக் குறிப்பு வந்திருக்கிறது. அவள் தமிழில் சொன்னதை எழுதுகிறேன்: "ஸ்பீக்கர் பி குறுக்கிடுகிறார். 41 இடங்களில் ஸ்பீக்கர் ஏ வாக்கியம் முடியவில்லை. மறுபடி பதிவு செய்யவும்."

எனக்கு! என் மேல் ஆட்சேபணை! ஒரு மாநிலத்து ஆபீஸையே ஆட்சேபணை எழுதி நடுங்க வைத்தவன் மேல், முகம் தெரியாத எவனோ, தமிழ் தெரியுமோ தெரியாதோ, நாற்பத்தொன்று என்று எண்ணி அனுப்புகிறான். எந்த ஆதாரத்தில்? "ஃபைலைக் கொண்டா" என்றேன். "நச்சரிச்சுக் கிட்கிட் பண்ணாதீங்க அங்கிள், இன்னொரு தடவை பேசிட்டாப் போச்சு" என்றாள். முடியாது. ஆட்சேபணை என்றால் அத்தாட்சி வேண்டும்.

நாளைக்கு லேப்டாப் கொண்டுவருகிறாள். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.

22 பிப்ரவரி, சனி

எப்படி எழுதுவது?

லேப்டாப்பில் இரண்டு பட்டை ஓடியது. மேலே அவள் குரல், கீழே என் குரல். தனித்தனியாகப் பதிவாகிறதாம். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மட்டும் கேட்கலாம். என் குரலை அணைக்கச் சொன்னேன். என் பேச்சுதான் எனக்குத் தெரியுமே. அவள் வாக்கியம் எங்கே முடியவில்லை என்று பார்க்கத்தானே உட்கார்ந்தேன். காகிதத்தில் கோடு போட்டு, நிமிஷம், விவரம் என்று இரண்டு பத்தி பிரித்தேன். அந்தக் காகிதம் இதோ இருக்கிறது. அதிலிருந்து சிலதை எழுதுகிறேன்.

2.10 — "அங்க எனக்கு யாரைத் தெரியும், நான்—"

4.35 — "இல்லேன்னா, நான் என்ன சொல்ல வந்தேன்னா—"

7.02 — "செவ்வாயும் வெள்ளியும் நான்—"

7.40 — "அதான் சொல்றேன், செவ்வாயும் வெள்ளியும்—"

9.15 — "செவ்வாய்க்கிழமை—"

11.18 — "ஒரே ஒரு நிமிஷம்—"

15.50 — "நான் வரலே—"

15.56 — "ம்."

அதற்கப்புறம் பதினாலு நிமிஷம். "ம்." "சரி." "ஓஹோ." "ம்." நடுவில் எல்லாம் வெறும் நிசப்தம். அந்த நிசப்தத்தில்தான் நான் இருக்கிறேன்.

15.50-ல் நான் என்ன சொன்னேன் என்று என் குரலைப் போட்டுக் கேட்டேன். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் நர்ஸ் வருவாளாம், தெரியுமோ?" என்று உற்சாகமாகக் கேட்கிறேன். அவள் "நான் வரலே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது.

நாற்பத்தொன்று இல்லை. நாற்பத்து மூன்று. அவர்கள் எண்ணினது தப்பு. இரண்டு விட்டுப்போயிருக்கிறது.

விசாலம் சமையலறையில் இருந்தாள். நடுவில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். திரையைப் பார்த்தாள், என் காகிதத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று முந்தாநாள் வரைக்கும் கேட்டிருப்பேன்.

மௌனம் சம்மதம் என்று எவன் சொன்னானோ, அவன் ஆடிட்டில் வேலை பார்த்தவன் இல்லை. எழுத்தில் ஒப்புதல் இல்லாத ஃபைலை ஒரு நாளாவது பாஸ் பண்ணியிருப்பேனா? இந்த வீட்டையே "ம்" என்கிற ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு விற்கப் பார்த்தேனே. ஐயோ விசாலம், ஆறு மாசமா நீ சொல்லிண்டேயிருந்தியா? ஆறு மாசம்தானா?

23 பிப்ரவரி, ஞாயிறு

சுஷ்மா ஒரு வழி சொன்னாள். "ஆன்ட்டி நிறுத்தினதும் மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுங்க. அப்புறம் பேசுங்க." ஒன்றாம் கிளாஸ் பாடம்.

காலையிலிருந்து பழகிப் பார்க்கிறேன். இரண்டுக்கு மேல் போக முடியவில்லை.

24 பிப்ரவரி, திங்கள்

சாயங்காலம் ஐந்து மணி. அதே முக்காலி, அதே அட்டை. வாயில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டேன். அது இருந்தால்தான் அடங்குவேன்.

முதலில் கேட்டேன். "செவ்வாயும் வெள்ளியும் எங்கே போறே?" உடனே கைக்குட்டையைக் கடித்தேன்.

"கோயிலுக்குப் போறதில்லேன்னா" என்றாள்.

ஒண்ணு. ரெண்டு. பொய் சொன்னாயா என்று நாக்கு நுனி வரை வந்தது. மூணு சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். ஆரம்பித்தவள் நிற்கவே இல்லை. ஞாபகம் இருக்கிற வரை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்:

"கடைக்குப் போறேன். பானுவோட பிளவுஸ் கடைக்கு. ரெண்டு வருஷமா. கல்லால உக்காந்து அளவு எழுதிக்கறேன். வர்றவாகிட்டப் பேசறேன். எந்தப் புடவைக்கு எந்தக் கழுத்துன்னு நான் சொன்னப்புறம்தான் அவ துணியிலே கத்திரி வெப்பா. நான் வாயைத் திறந்தா அந்தக் கடையிலே தையல் மிஷினை நிறுத்திட்டுக் கேக்கறா, தெரியுமோ? மூணு மிஷினும். நீங்க திட்டுவேளோன்னு கோயில்னு சொல்லிட்டேன். தப்புதான். ஆனா அறுபத்து நாலு வயசுல எனக்குன்னு அது ஒண்ணு கெடைச்சிருக்கு. அதை விட்டுட்டு நான் வரமாட்டேன். உங்களுக்குப் போகணும்னா நீங்க போயிட்டு வாங்கோ. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஹெட்போனில் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு, அஞ்சு. ரொம்ப நேரம் யாரும் பேசாவிட்டால் போனில் சிவப்பு எழுத்து வரும்: "பேசவும்." வந்தது. கைக்குட்டையை எடுத்தேன். "சரி" என்றேன்.

மீதி இருபது நிமிஷம் கழுத்துகளைப் பற்றிக் கேட்டேன். பானைக் கழுத்து, படகுக் கழுத்து, பின்னால் கயிறு வைத்தது. இத்தனை தினுசா! எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் சிரித்தாள். என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது.

25 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் தோசை போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "நேத்திக்கு சரின்னேளே, அது எனக்கா? இல்லே, சிவப்பு எழுத்து வந்துடுத்தேன்னு மிஷினுக்குச் சொன்னேளா?"

நான் எண்ணி முடிப்பதற்குள் அடுப்பை அணைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நியாயமான கேள்வி. ரெக்கார்டிங்கில் இனிப்பாகப் பேசுகிறவனை நான் நம்புவேனா? நாற்பத்தோரு வருஷத்தில் அவள் என்னைச் சந்தேகப்பட்டது இதுதான் முதல் தடவை என்று எழுத வந்தேன். அது எனக்கு எப்படித் தெரியும்? சொல்ல விட்டிருந்தால்தானே.

26 பிப்ரவரி, புதன். சிவராத்திரி

இன்று நிஜமாகவே கோயிலுக்குப் போனாள். விபூதி, வில்வம் எல்லாம் வந்தது.

மத்தியானம் உட்கார்ந்து கோயமுத்தூர்க்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். புக்கிங் ரத்து. கீழே கையெழுத்துக்கு இரண்டு கோடு. முதல் கோட்டின் கீழ் விசாலாக்ஷி, இரண்டாவதில் நான். என் கையெழுத்தைப் போட்டு அவளிடம் கொடுத்தேன். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. இதற்கு உண்டு.

எட்டுப் பக்கப் படிவத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள், இந்த ஆறு வரியை மூன்று தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை. போட்டாளா? இல்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "பாக்கறேன்" என்றாள்.

27 பிப்ரவரி, வியாழன்

கேட்கவில்லை. மத்தியானம் இரண்டு தடவை கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

28 பிப்ரவரி, வெள்ளி

பதினொரு மணிக்கு விசாலம் கிளம்பினாள். வாசலில் நின்றாள். "கடைக்குப் போயிட்டு வரேன்" என்றாள். இந்த வீட்டில் அவள் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பன்னிரண்டரைக்கு புரோக்கர் போன். வாங்குகிறவர்கள் ரிஜிஸ்திரார் ஆபீசில் வந்து உட்கார்ந்தாயிற்றாம். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதான். "மேடம் கோ லேகே ஜல்தி ஆயியே" என்றான், மேடத்தை அழைத்துக்கொண்டு சீக்கிரம் வரச் சொல்லி.

மேடம் வரமாட்டாள் என்றேன்.

பதறிவிட்டான், உடம்பு சரியில்லையா, ஜுரமா என்று. "க்யோ, தபியத் கராப் ஹை க்யா? புகார் ஹை?"

"புகார் நஹி. ஜுரம்கிரம் ஒண்ணும் கிடையாது" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, வந்துவிட்டது. "தபியத் ஏக்தம் டீக் ஹை. உன்கோ பேச்னா நஹி ஹை. பஸ்." உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அவளுக்கு விற்க இஷ்டமில்லை, அவ்வளவுதான். "அப்போ உங்க இஷ்டம்?" என்று ஹிந்தியில் கத்தினான். ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணினேன். அவன் கத்தி முடிக்கட்டும் என்றுதான். அப்புறம் வைத்துவிட்டேன்.

மூன்றேகாலுக்கு வந்தாள். தோளில் மஞ்சள் நூல். பையிலிருந்து கடிதத்தை எடுத்து இந்த நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல் கோட்டில் கையெழுத்து இருக்கிறது. புரோக்கர் போன் பண்ணினதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவளும் அதே நேரத்தில் திறந்தாள், இன்றைக்குக் கடைக்கு ஒரு கல்யாணப் பொண்ணு வந்தாளாம், அவள் மாமியார் வேறு கூடவே வந்தாளாம்.

பேனாவை மூடுகிறேன். அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.